'மோர் பெட்டர்' வேண்டாம்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னைக்கு வந்து, ஆபீஸ் மெயிலிலும் இன்டர்வியூவிலும் 'இதைவிட அது நல்லது' என்ற ஒரு வரியை ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பிடிபடவே ரொம்ப நாள் ஆனது. ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் ஆயிரக்கணக்கில் கட்டிச் சேர்ந்தால், 'பிக், பிக்கர், பிக்கஸ்ட்' என்று ஓடும் ஒரு ஜெராக்ஸ் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியல் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். நாம் சறுக்குவது அந்தச் சொற்களில் அல்ல, அவற்றுக்கு முன்னும் பின்னும் வருகிற 'தி', 'தன்', 'அதர்', 'ஆஃப்' மாதிரியான பொடிச் சொற்களில்.

காரணமும் எளிதுதான். 'மதுரையை விடச் சென்னை பெரியது' என்கிறோம். இதில் 'பெரியது' மாறவே இல்லை, 'விட' வந்து வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பிக்' என்பதும் 'பிக்கர்' ஆக வேண்டும், பின்னால் 'தன்'னும் வர வேண்டும். ஒன்றை மறந்தால் 'பிக் தன்', பயத்தில் கூடுதலாகப் போட்டால் 'மோர் பிக்கர்'. நம் ஊரில் இந்த இரண்டையும் தினமும் கேட்கலாம்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு. போனில் ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அல்லது கேம்பிரிட்ஜ் இணைய அகராதி, இரண்டும் இலவசம்தான். ஆக்ஸ்போர்டில் 'ஹேப்பி' என்று தேடினால் 'ஹேப்பியர், ஹேப்பியஸ்ட்' என்று அங்கேயே போட்டிருக்கும், ஆகவே சந்தேகம் வந்தால் யாரையும் கேட்கத் தேவையில்லை. அப்புறம் தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆங்கிலப் பாடநூல்கள். பிடிஎஃப் ஆக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்சில்தான் வேண்டும் என்றால் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய இலக்கணப் புத்தகங்களைப் பேரம் பேசி வாங்கலாம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது நீங்களே எழுதியது. போன மாதம் அனுப்பிய மெயில்கள், ரெஸ்யூமே, மாதிரித் தேர்வில் எழுதிய கட்டுரை என்று எது இருந்தாலும் பிரின்ட் எடுத்து வையுங்கள். நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்பது புத்தகத்தில் இருக்காது, அதில்தான் இருக்கும்.

பிஜி அறையில் படிக்க முடியவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கவே அங்கே தனிப் பகுதி இருக்கிறது, உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், அதனால் சீக்கிரம் போய்விடுங்கள்.

தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் விதிகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். வாயில் பழக இன்னும் சில வாரம் ஆகும், அது ஆளைப் பொறுத்தது.

2. எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

வாய் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: எத்தனை பொருளை ஒப்பிடுகிறீர்கள்? இரண்டு என்றால் சொல்லின் கடைசியில் 'ஈ ஆர்' அல்லது முன்னால் 'மோர்'. மூன்றோ அதற்கு மேலோ இருந்து அதில் ஒன்றைத் தனியாகத் தூக்கிக் காட்டினால் 'ஈ எஸ் டி' அல்லது 'மோஸ்ட்', முன்னால் 'தி'.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. ஓனர் இரண்டு வீடு காட்டுகிறார், உங்களுக்கு ஒன்று பிடிக்கிறது. 'திஸ் இஸ் தி பெஸ்ட் ஆஃப் தி டூ' என்று சொல்லத் தோன்றும். இரண்டுதானே இருக்கிறது, அதனால் 'தி பெட்டர் ஆஃப் தி டூ'. பேச்சில் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள், தேர்வில் மார்க் போகும். இந்த மாதிரி இடத்தில் 'பெட்டர்'க்கு முன்னாலும் 'தி' வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

3. அசையை எண்ணுங்கள், ஆனால் தமிழ் வாயால் எண்ணாதீர்கள்

'ஈ ஆர்' ஒட்ட வேண்டுமா, முன்னால் 'மோர்' போட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சொல்லில் எத்தனை அசை, அதாவது சிலபிள், இருக்கிறது என்பதுதான். ஒரு அசை என்றால் ஒட்டுங்கள்: 'டால், டாலர், டாலஸ்ட்', 'சீப், சீப்பர், சீப்பஸ்ட்'. மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் தனியாக வையுங்கள்: 'மோர் எக்ஸ்பென்சிவ்', 'தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ்'. எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது என்னவென்றால், ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நாம் ஒரு 'உ' சேர்த்துவிடுகிறோம். மேனேஜர் ரொம்ப 'ஸ்ட்ரிக்ட்டு', பையன் ரொம்ப 'ஸ்மார்ட்டு'. நம் வாயில் 'ஸ்ட்ரிக்ட்டு' இரண்டு மூன்று அசையாக நீளுகிறது, உடனே 'மோர் ஸ்ட்ரிக்ட்' என்று போய்விடுகிறோம். ஆங்கிலத்தில் அது ஒரே அசை, அதனால் 'ஸ்ட்ரிக்டர்', 'ஸ்மார்ட்டர்'. சில பேர் முன்னால் ஒரு 'இ'யும் சேர்த்து 'இஸ்ட்ரிக்ட்டு' ஆக்கிவிடுவார்கள், அப்போது கணக்கு இன்னும் கெடும்.

இதற்கு ஒரு வழி: தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. 'ஸ்ட்ரிக்ட்' என்று கடைசியில் உகரம் சேர்க்காமல் சொன்னால் ஒருமுறைதான் இடிக்கும், 'ஹேப்பி' இரண்டு முறை, 'பியூட்டிஃபுல்' மூன்று முறை. பஸ்ஸில் செய்தால் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், வீட்டில் செய்து பழகுங்கள்.

இரண்டு அசைச் சொற்களில்தான் குழப்பம் அதிகம், இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கடைசியில் 'ஒய்' வந்தால் ஒட்ட வேண்டும்: 'ஈசி, ஈசியர்', 'பிசி, பிசியர்', 'ஏர்லி, ஏர்லியர்'. 'நேரோ', 'சிம்பிள்', 'கிளவர்' மாதிரி முடிகிறவற்றுக்கும் ஒட்டலாம்: 'நேரோவர், சிம்ப்ளர், கிளவரர்'. மற்ற பெரும்பாலானவற்றுக்கு 'மோர்': 'மோர் யூஸ்ஃபுல்', 'மோர் கேர்ஃபுல்', 'மோர் மாடர்ன்', 'மோர் ஃபேமஸ்'. 'இங்', 'ஈ டி' என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'மோர்' போடுங்கள்: 'மோர் போரிங்', 'மோர் க்ரௌடட்'. 'டயர்ட்', 'போர்ட்' இரண்டும் சின்னச் சொல்லாக இருந்தாலும் 'மோர் டயர்ட்', 'மோர் போர்ட்'தான். 'பொலைட்', 'குவைட்', 'காமன்' போன்ற சில சொற்கள் இரண்டு பக்கமும் போகும், எப்படிச் சொன்னாலும் சரி.

ஒட்டும் வேலையே செல்லாத ஐந்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். 'குட், பெட்டர், பெஸ்ட்'. 'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்'. 'லிட்டில், லெஸ், லீஸ்ட்'. 'மச்' அல்லது 'மெனி' என்றால் 'மோர், மோஸ்ட்'. 'ஃபார்' என்பதற்கு 'ஃபார்தர்', 'ஃபர்தர்' என இரண்டு வடிவம். தூரத்துக்கு எதையும் சொல்லலாம், ஆனால் மெயிலில் 'மேலும் விவரங்களுக்கு' என்று எழுதும்போது 'ஃபர்தர் டீடெய்ல்ஸ்' மட்டும்தான்.

4. ஸ்பெல்லிங்

மூன்று விதி போதும். 'பிக்', 'ஹாட்', 'வெட்' மாதிரி ஒரே ஒரு உயிரெழுத்தும் அதன் பின் ஒரே ஒரு மெய்யும் முடிவில் வரும் ஓரசைச் சொல் என்றால் கடைசி எழுத்தை இரட்டியுங்கள். 'பிக்கர்' என்பதில் இரண்டு 'ஜி'. 'சீப்', 'கிளீன்' இரண்டிலும் உயிரெழுத்து இரண்டு இருப்பதால் இரட்டிக்கக் கூடாது, 'ஸ்லோ', 'லோ' மாதிரி 'டபிள்யூ'வில் முடிவதற்கும் கூடாது. மெய்யை அடுத்து வரும் 'ஒய்' என்பது 'ஐ' ஆக மாறும். 'லார்ஜ்', 'நைஸ்' போல ஏற்கெனவே 'ஈ'யில் முடிந்தால் 'ஆர்' மட்டும் சேர்த்தால் போதும்.

5. தேவையில்லாத இடத்தில் மோர் ஊற்றாதீர்கள்

'மோர் பெட்டர்', 'மோர் ஈசியர்', 'மோஸ்ட் சீப்பஸ்ட்' எல்லாமே தவறு. 'ஈ ஆர்' வந்துவிட்டால் 'மோர்' கிடையாது, 'ஈ எஸ் டி' வந்துவிட்டால் 'மோஸ்ட்' கிடையாது.

அடுத்தது 'வெரி'. 'இப்போ வெரி பெட்டர் சார்' என்று காய்ச்சலுக்கு லீவு போட்டவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'வெரி' வெறும் 'குட்'டோடு போகும், 'பெட்டர்' என்பதற்கு முன்னால் போகாது. 'மச் பெட்டர்', 'எ லாட் பெட்டர்', 'ஃபார் பெட்டர்' இவற்றில் ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ பிட் பெட்டர்', எழுத்தில் 'ஸ்லைட்லி பெட்டர்'.

'வெரி வொர்ஸ்ட்' என்பது நம் ஊர்ச் சொத்து. டிராஃபிக்கைப் பற்றியும் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் இதைச் சொல்லாத ஆள் இல்லை. சும்மா மோசம் என்றால் 'வெரி பேட்'. நேற்றைவிட மோசம் என்றால் 'வொர்ஸ்'. இருப்பதிலேயே மோசம் என்றால்தான் 'தி வொர்ஸ்ட்'. 'சீப் அண்ட் பெஸ்ட்' என்பதையும் ரங்கநாதன் தெருவோடு விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் சொன்னால் அவருக்கும் புரியும் உங்களுக்கும் புரியும், ஆனால் வெண்டார் கொட்டேஷனை ஒப்பிட்டு மேனேஜருக்கு எழுதும் மெயிலில் 'குட் அண்ட் அஃபோர்டபிள்' என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள்தான் 'காஸ்ட்லி', விலை 'காஸ்ட்லி' ஆகாது. 'தி ப்ரைஸ் இஸ் காஸ்ட்லியர்' என்று எழுதாமல் 'தி ப்ரைஸ் இஸ் ஹையர்' என்று எழுதுங்கள். குறைவு என்றால் 'லோயர்', விலைக்குச் 'சீப்பர்' வேண்டாம்.

6. 'தன்' வரும் இடமும் வராத இடமும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மார்க் போவதும் மானம் போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் எழுத்து. ஒப்பிட வரும் 'தன்' என்பதில் 'ஏ' வரும். 'அப்புறம்' என்று பொருள் தரும் 'தென்' என்பதில் 'ஈ' வரும். பேச்சில் இரண்டும் ஒன்று போலக் கேட்பதால் எழுத்தில் மாறிவிடுகிறது.

அடுத்து 'கம்பேர் டு'. 'வென் கம்பேர் டு ரவி, குமார் இஸ் டால்' என்று சுற்றி வளைப்பது நம் பழக்கம். 'குமார் இஸ் டாலர் தன் ரவி', அவ்வளவுதான். 'கம்பேர்' வந்தே தீர வேண்டும் என்றால் 'கம்பேர்ட் வித்' அல்லது 'கம்பேர்ட் டு', கடைசியில் 'டி' முக்கியம்.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' நான்குக்கும் 'தன்' வராது, 'டு' வரும். 'ஹி இஸ் சீனியர் டு மீ'. 'ப்ரிஃபர்' என்பதும் அப்படியே: 'ஐ ப்ரிஃபர் காஃபி டு டீ'. இதைப் பார்த்துவிட்டு 'ஹி இஸ் எல்டர் டு மீ' என்று எழுதுகிறவர்கள் நிறைய. 'எல்டர்' என்பது 'மை எல்டர் பிரதர்' என்று உறவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொல். ஒப்பிடும்போது 'ஹி இஸ் ஓல்டர் தன் மீ'. பழைய பாணித் தேர்வுகளில் 'தன் ஐ' என்பதைச் சரியாக எடுத்துக்கொள்வார்கள், பேச்சில் 'தன் மீ' போதும்.

இனி எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 'தி ரென்ட் இன் அடையாறு இஸ் ஹையர் தன் தாம்பரம்' என்று எழுதினால் வாடகையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். வாடகையை வாடகையோடுதான் ஒப்பிட வேண்டும்: 'தி ரென்ட் இன் அடையாறு இஸ் ஹையர் தன் தட் இன் தாம்பரம்'. பன்மை என்றால் 'தட்' போய் 'தோஸ்' வரும். 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தன் தட் ஆஃப் மதுரை' என்பதும் இதே கணக்குதான். தமிழில் 'தாம்பரத்தை விட அடையாறில் வாடகை அதிகம்' என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை, அதனால்தான் இந்தத் தவறு நம் கண்ணிலேயே படுவதில்லை.

கடைசியாக 'அதர்'. 'சென்னை இஸ் லார்ஜர் தன் எனி சிட்டி இன் தமிழ்நாடு' என்றால் சென்னையும் தமிழ்நாட்டில் இருப்பதால் சென்னையைவிடச் சென்னை பெரியது என்று வந்து நிற்கும். 'எனி அதர் சிட்டி' என்று போடுங்கள். ஆனால் 'சென்னை இஸ் லார்ஜர் தன் எனி சிட்டி இன் கேரளா' என்பதில் 'அதர்' வரக்கூடாது, சென்னை அந்தக் கூட்டத்தில் இல்லையே!

7. 'தி'யும் 'ஒன் ஆஃப் தி'யும்

'ஈ எஸ் டி', 'மோஸ்ட்' என்றாலே முன்னால் 'தி'. 'மே இஸ் தி ஹாட்டஸ்ட் மன்த் இன் சென்னை', 'நவம்பர் இஸ் தி வெட்டஸ்ட் மன்த்'. 'மை', 'அவர்', 'சென்னைஸ்' மாதிரி உடைமைச் சொல் வந்தால் 'தி' போய்விடும்: 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'.

பின்னால் வருவது 'இன்'னா 'ஆஃப்'ஆ? இடமோ கூட்டமோ என்றால் 'இன்': 'இன் தி சிட்டி', 'இன் அவர் டீம்'. காலமோ எண்ணிக்கையோ என்றால் 'ஆஃப்': 'தி ஹாட்டஸ்ட் டே ஆஃப் தி இயர்', 'தி சீப்பஸ்ட் ஆஃப் தி த்ரீ'.

'ஒன் ஆஃப் தி' வந்தால் பின்னால் பன்மை. 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஹோட்டல் இன் மயிலாப்பூர்' என்று போர்டிலேயே எழுதியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள்; 'ஹோட்டல்ஸ்'. வினை மட்டும் ஒருமை: 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஹோட்டல்ஸ் இஸ் நியர் தி டேங்க்'.

8. தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் படிக்க

'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' மாற்றி எழுதும் கேள்விக்கு மூன்று அச்சுதான். பெரும்பாலான வாக்கியங்கள் இவற்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

ஒன்றே ஒன்று முதலிடம் என்றால்: 'சென்னை இஸ் தி லார்ஜஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு', 'சென்னை இஸ் லார்ஜர் தன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு', 'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ் சென்னை'.

முதல் சிலவற்றில் ஒன்று என்றால்: 'சென்னை இஸ் ஒன் ஆஃப் தி லார்ஜஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா', 'சென்னை இஸ் லார்ஜர் தன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா', 'வெரி ஃப்யூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் லார்ஜ் ஆஸ் சென்னை'.

இரண்டே இரண்டு என்றால்: 'மயிலாப்பூர் இஸ் ஓல்டர் தன் டி நகர்', 'டி நகர் இஸ் நாட் ஆஸ் ஓல்ட் ஆஸ் மயிலாப்பூர்'. இதற்கு 'ஈ எஸ் டி' வடிவமே கிடையாது, இருப்பதாக நினைத்துத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஐபிபிஎஸ் வங்கித் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 2 மதிப்பெண் கேள்விக்கு 0.50 போகும். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் 'மோர்', 'ஈ ஆர்' இரண்டும் ஒன்றாக நின்றாலோ, 'சீனியர்' பின்னால் 'தன்' நின்றாலோ தயங்காமல் குறியுங்கள். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டு நகருங்கள்.

வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடம் உயிர். ரைட்டிங் முதல் பகுதியில் வரைபடத்தைப் பார்த்து 150 வார்த்தையாவது எழுத வேண்டும், அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஒப்பிட்டு எழுதுவதுதான் அந்தப் பகுதியின் வேலையே. மதிப்பிடும் நான்கு அம்சங்களில் இலக்கணமும் ஒன்று, நான்குக்கும் சம பங்கு. 'ட்வைஸ் ஆஸ் மெனி ஆஸ்', 'ஸ்லைட்லி ஹையர் தன்', 'தி ஹையஸ்ட்' மூன்றையும் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்': 'ஃப்யூவர் ஸ்டூடண்ட்ஸ்', 'லெஸ் வாட்டர்'. பணமும் நேரமும் தூரமும் மொத்த அளவாகக் கணக்கு என்பதால் 'லெஸ் தன் 500 ருபீஸ்'.

கட்டணம் ஐந்து இலக்கத் தொகை, அவ்வப்போது ஏறும், பதிவு செய்யும் தளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் நடக்காது, அதனால் முதலில் அதை எடுங்கள், அப்புறம் தேதி போடுங்கள். முடிவு இரண்டு வருடம் செல்லும், அதைக் கணக்கில் வைத்து எழுதுங்கள், ரொம்ப முன்னாடியே எழுதிவிட்டு மறுபடி பணம் கட்டாதீர்கள்.

9. அனுப்பும் முன் தேடிப் பாருங்கள்

மெயிலோ கட்டுரையோ முடித்ததும் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப் தட்டி நான்கு சொல்லைத் தேடுங்கள்: 'மோர்', 'தன்', 'மோஸ்ட்', 'ஒன் ஆஃப்'. 'மோர்' பக்கத்தில் 'ஈ ஆர்' இருக்கிறதா, 'தன்' இரு பக்கமும் ஒரே வகைப் பொருள் நிற்கிறதா, 'மோஸ்ட்' முன்னால் 'தி' இருக்கிறதா ('மோஸ்ட் அதர் சிட்டீஸ்' மாதிரி 'பெரும்பாலான' என்ற பொருளில் வந்தால் வேண்டாம்), 'ஒன் ஆஃப்' பின்னால் பன்மையா என்று பார்க்க இரண்டு நிமிடம் கூட ஆகாது. பிறகு 'தென்' என்பதையும் ஒருமுறை தேடுங்கள். அது இருக்கும் இடத்தில் நீங்கள் எழுத நினைத்தது பாதி நேரம் 'தன்'னாகத்தான் இருக்கும். இலக்கணம் திருத்தும் ஆப்கள் 'மோர் பெட்டர்' என்பதை உடனே சிவப்பில் காட்டிவிடும். வாடகையை ஊரோடு ஒப்பிட்டதையும் 'அதர்' விட்டுப்போனதையும் பல நேரம் கவனிக்காமல் விட்டுவிடும், அதை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள்.